டாக்டரம்மா வீட்டில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் பேனாவைத் தொட்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. இத்தனை வருஷம் ரேடியோக் கடையில் இருந்தும் வாடிக்கையாளர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது குறைவு. மேசைக்குப் பின்னால் குனிந்தே காலம் போய்விட்டது.

காது மந்தமாகிவிட்டதால் சென்ற வருஷம் வேலையை விட்டேன். கடையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது வீட்டுக்கு வருவார்கள். இப்போது எல்லோரும் வாட் கணக்குக் கேட்கிறார்களாம். "அண்ணாச்சி, வீட்டுக்கு எத்தனை வாட் வேணும்? ஆளுக்கொரு கணக்குச் சொல்லுகான். நீங்க நம்ம ரேடியோ மெக்கானிக் சங்க மலருக்கு ஒண்ணு எழுதித் தாருங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் பாட்டுக் கேட்க எத்தனை வாட் வேண்டும் என்ற கேள்வி வந்தாலே எனக்கு ஒரு வியாழக்கிழமை நினைவுக்கு வரும். அது ஏன் என்று சொன்னால் அவர்கள் கேட்டதற்கும் பதில் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் நாகர்கோவிலில் ஒரு ரேடியோக் கடையில் சேர்ந்தேன். நம் ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. ஈயம் பற்றவைக்கவும் சுருள் சுற்றவும் கெட்ட வால்வைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் ஆயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது செல்லையா அண்ணனைப் பற்றி.

செல்லையா அண்ணன் கடையின் தலைமை மெக்கானிக். மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் கை வைக்கும்போது இடது கையை வேட்டி மடிப்புக்குள் செருகிவிடுவார். இரண்டு கையும் பட்டால் கரன்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்பார். ஒரு தடவை போயிருக்கிறது. அதற்குப் பிறகு அவருக்குத் தன் கையின் மேலேயே நம்பிக்கை கிடையாது. எதையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் சுவிட்ச் போடுவார். நாங்களும் சொல்ல வேண்டும். "ஸ்பீக்கர் கட்டியாச்சு. எர்த் கட்டியாச்சு. வால்யூம் பூஜ்யம்." முணுமுணுத்தால் விடமாட்டார்.

"ஏலே தாணு, பெட்டிக்குக் கேட்டா போராது. எனக்குக் கேக்கணும். உரக்கச் சொல்லுடே."

வெட்கத்தில் எனக்கு வியர்க்கும். ஆனாலும் நாளாக ஆக அது பழகிவிட்டது. மற்றவர்கள் முன்னால் என் வாயிலிருந்து தடையில்லாமல் வந்த பேச்சு அது ஒன்றுதான்.

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட்டுக் காட்டுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அப்போது வீட்டுக்கென்று நாங்கள் இரண்டு விதம் செய்து விற்றோம். ஒன்று, ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்பும் கடைசிக் கட்டத்தில் ஒற்றை வால்வ் உள்ளது, ஐந்து வாட். மற்றது ஜோடி வால்வ், பதினைந்து வாட். வால்யூம், ட்ரெபிள், பேஸ் எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஒப்பிடும்போது இசைத்தட்டும் ஸ்பீக்கரும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்கிறவர் இடம் மாறி உட்காரக் கூடாது. ஸ்பீக்கரை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, சும்மா இருக்கும் பெட்டிக்கு, ஸ்பீக்கருக்குப் பதிலாக, ஒரு கம்பிச் சுருள் ரெசிஸ்டரைப் பாரமாகக் கட்டிவிட வேண்டும். வால்வ் ஆம்ப்ளிஃபயரைப் பாரமில்லாமல் ஓடவிட்டால் அதன் டிரான்ஸ்பார்மர் கருகும். ஸ்பீக்கர் முனையில் வோல்ட் மீட்டர் ஒன்றைக் கட்டி வைக்க வேண்டும். பாட்டுக்கு ஊசி துள்ளும். தட்டில் அதே இடம் வரும்போது எந்த உயரத்துக்குத் துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வால்யூம் குமிழை அட்டை வைத்து மறைக்க வேண்டும்.

குமிழை மறைப்பதற்குக் காரணம் நம் ஊர் ஆட்கள்தான். தாழக்குடிப் பக்கத்து வயல்காரர் ஒருவர் வந்தார். ஐந்து வாட் பெட்டியில் குமிழைக் கொஞ்சம் திருகியதும் பாட்டு அலறியது. பெரிய பெட்டியில் பாதி திருகிய பிறகுதான் அந்த அளவு வந்தது.

"இன்னா பாருடே," என்றார். "இது ஒரு பலக தெறந்ததுமே பாயுது. அது பாதி மடை தெறந்தும் பையத்தான் வருது. எந்தக் கொளத்துல வெள்ளம் கூடக் கெடக்கு?"

"அண்ணாச்சி, அது மடைக்க வாய்தான். கொளம் எம்புடுன்னு அதுல தெரியாது. ரெண்டையும் முழுசாத் தெறந்து பாப்போம்" என்று செல்லையா அண்ணன் திறந்து காட்டினார். சின்னது பாதிக்கு மேல் கரகரவென்று உடைந்தது. பெரியது தெளிவாக ஏறிக்கொண்டே போயிற்று. ஆனால் பெரியது மூன்று மடங்கு வாட் என்றாலும் சத்தம் மூன்று மடங்காகக் கேட்கவில்லை. காதுக்கு இரட்டிப்பாகத் தெரிய வேண்டுமானால் வாட் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். வயல்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் எந்தக் காலத்துலடே முழு மடை தெறந்தேன்?" என்று சின்னதையே தூக்கிக்கொண்டு போனார். அவர் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இனி டாக்டரம்மா. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்று, வீட்டோடு ஒரு அறையில் வைத்தியம் பார்த்துவந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வடசேரி, கோட்டாறு முழுவதும் பிரசவம் என்றால் அவர்தான். சாயங்காலம் நோயாளிகள் போன பிறகு வயலின் தட்டுப் போட்டுக் கேட்பார். நாம் பேசும்போது வாயையே உற்றுப் பார்ப்பார். எனக்கு அந்தப் பார்வை தாங்காது. படித்தவர்கள் மரியாதையாகக் கேட்கிற விதம் அது என்று எண்ணியிருந்தேன்.

எங்கள் கடையின் ஐந்து வாட் பெட்டிதான் அவரிடம் இருந்தது. சத்தம் குறைகிறது என்று சொல்லி அனுப்பினார். வால்வ் மாற்றினோம். மறுபடியும் குறைகிறது என்றார். டிரான்ஸ்பார்மர் மாற்றினோம். கடையில் வைத்து அளந்தால் ஐந்து வாட்டும் சுத்தமாக வந்தது. வீட்டுக்குப் போனால் குறைந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை பெட்டியோடு ஸ்பீக்கரும் கடைக்கு வந்தது. அதன் காகிதக் கூம்பு விளிம்போடு கிழிந்திருந்தது. அளவுக்கு மீறிச் சத்தம் வைத்தால்தான் அப்படிக் கிழியும்.

முதலாளி சொன்னார்: "லேய் தாணு, டாக்டரம்மா இன்னும் சத்தம் கிடைக்கலைன்னு சொல்லுகாங்க. வியாழக்கெழம பெரிய பெட்டியையும் கொண்டுபோய் ரெண்டையும் வச்சுக் காட்டு. பெருசைத் தள்ளிவிட்டுட்டு வா."

அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். என் மனைவி பகவதிக்கு அப்போது எட்டாம் மாதம். எங்கள் முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அதனால் இந்தத் தடவை என் அக்கா கூடவே வந்து தங்கியிருந்தாள். காலையில் இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் காட்டப் போயிருந்தார்கள். நான் போனபோது அடுப்பு மூட்டாமல் கிடந்தது. பகவதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். "மரக்கொழல வயித்துல வச்சு ஒருபாடு நேரம் பாத்தாங்கடே. பிள்ளைக்க நெஞ்சுச் சத்தம் கிடைக்கலைன்னு சொல்லுகாங்க. போன வாரமும் கிடைக்கல்லியாம், சொல்லாம இருந்திருக்காங்க. வெள்ளிக்கெழம வரணுமாம். அன்னைக்கும் கிடைக்கலைன்னா மருந்து குடுத்து வெளிய எடுத்திரணும்னு சொல்லிற்றாங்க."

பகவதியிடம் போய் அசைவு இருக்கிறதா என்று கேட்டேன்.

"கேட்டேளா, இருக்க மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு" என்றாள். "மொதப் பிள்ளைக்கும் கடைசி வரைக்கும் அசையுதுன்னுதானே சொன்னேன்."

நான் சாப்பிடாமல் கடைக்குத் திரும்பினேன். மேசையில் கிழிந்த ஸ்பீக்கர் இருந்தது. அதற்குப் புதுக் கூம்பு ஒட்ட உட்கார்ந்தவன் பசையைத் தொட்ட விரலோடு அப்படியே இருந்துவிட்டேன். ஸ்பீக்கரிலும் சத்தம் கிடைக்கவில்லை. வயிற்றிலும் சத்தம் கிடைக்கவில்லை. இரண்டையும் சொன்னது ஒரே ஆள்.

நினைத்தவுடன் எனக்குப் பயமாகிவிட்டது. யாரைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்று. செல்லையா அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரம்மாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று சொன்னேன். அவர் கையிலிருந்த பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்தார். 

"இருக்கலாம்டே. ஆனா இல்லாட்டி? உள்ள கெடக்கது செத்துப்போயிருந்தா அது தாய்க்கு விசமில்லா? உன் யூகத்த நம்பி நாள் கடத்துவியா?"

"சத்தம் கொறயல்லன்னு நம்ம மீட்டர்ல பாத்தோமே அண்ணே."

"மீட்டர் பெட்டியைச் சொல்லும். பிள்ளையைச் சொல்லுமா?"

அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பக்கமும் நிம்மதி இல்லை. டாக்டரம்மா சொல்வது சரியென்றால் குழந்தை இல்லை. தப்பென்றால், உயிரோடு இருக்கும் குழந்தையை எட்டாம் மாதத்தில் வெளியே எடுத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் எட்டாம் மாதக் குழந்தை தங்குவது அரிது. மேற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா என்று அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். "கைராசிக்காரிய விட்டுட்டு, இந்தக் குண்டுங்குழியுமான ரோட்டுல இவளைக் குலுக்கிக் கொண்டுபோவியா? இப்பிடிப் பதறுகதுக்கு என்ன வெப்ராளம்டே உனக்கு?" என்றாள். காரணம் சொல்லச் சொன்னாள். சொல்ல என்னிடம் ஒரு கிழிந்த ஸ்பீக்கர்தான் இருந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கைவண்டியில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் புதுக் கூம்பு ஒட்டிய ஸ்பீக்கரையும் மீட்டரையும் ஏற்றிக்கொண்டு போனேன். டாக்டரம்மா வீடு பார்வதிபுரம் போகும் சாலையில் இருந்தது. வீட்டு வேலைகளைப் பார்த்துவந்த தங்கம்மை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, கதவைத் திறந்தாள். பெட்டிகளைப் பார்த்ததும் மடியிலிருந்து பஞ்சு எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ரெண்டெண்ணமா? எனக்க ஏசுவே" என்றாள்.

டாக்டரம்மா சாய்வு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "வெயில்ல வந்திருக்க தம்பி. மோர் குடி" என்றார். நான் பிறகு குடிக்கிறேன் என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். நான் குனிந்திருந்ததால் திரும்ப, "மோர் குடி" என்றார்.

கம்பிகளைக் கட்டினேன்.  குமிழ்களுக்கு முன்னால் அட்டையை நிறுத்தினேன். பழக்கத்தால் வாய் தானாகச் சொல்லியது: "ஸ்பீக்கர் கட்டியாச்சு. பாரம் கட்டியாச்சு. எர்த் கட்டியாச்சு. வால்யூம் பூஜ்யம்." வால்வ் சூடாகும்வரை நின்றேன். பிறகு, செல்லையா அண்ணன் முறைப்படி, சத்தத்தை மெல்ல ஏற்றுவேன் என்றும், கேட்பதற்குச் சுகமான அளவு வந்ததும் கையைத் தூக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"கண்ணை மூடிக்கிடுறேன். அப்பத்தான் எந்தப் பெட்டின்னு தெரியாது" என்றார். அவராகவே சொன்னது அது.

வயலின் தட்டை வைத்தேன். குமிழைத் தொடுவதற்கு முன்பே பிக்கப் முள் தட்டில் உரசும் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. மெல்லத் திருகினேன். வயலின் அறைக்குள் வந்தது. அந்த அளவே எனக்குப் போதும். மீட்டர் ஊசி இடத்தை விட்டு எழுந்ததும் எழாததுமாக இருந்தது. டாக்டரம்மாவின் கை நாற்காலிச் சட்டத்தில் அசையாமல் கிடந்தது. இன்னும் திருகினேன். அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. தங்கம்மை சன்னலைச் சாத்தினாள். வெளியே கைவண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். கை தூக்கவில்லை. எனக்குக் காதுக்குள் குத்தத் தொடங்கிய பிறகு அவருடைய கை மெல்ல எழுந்தது. முகத்தில் ஒரு சந்தோஷம். ஊசியின் துள்ளல் நாலு வோல்ட்டைத் தொட்டது.

தட்டை முதலிலிருந்து வைத்து, பெரிய பெட்டிக்கு மாற்றினேன். அதன் குமிழ் வேறு, வால்வ் வேறு, வாட் வேறு. வயலின் அதே இடத்துக்கு வந்தபோது கை எழுந்தது. ஊசி நாலு.

நிறுத்தினேன். அறை திடீரென்று அமைதியானதில் தங்கம்மை மூச்சு விடுவது கேட்டது.

டாக்டரம்மா கண்ணைத் திறந்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரிஞ்சுது. பெரிய பெட்டின்னா வித்தியாசம் இருக்கணுமே. அந்த ஊசி எதுக்கு தம்பி?"

ஸ்பீக்கருக்கு எவ்வளவு போகிறது என்று காட்டும் என்றேன். அவர் எழுந்து வந்து மீட்டரைக் குனிந்து பார்த்தார். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயைப் பார்க்கிற மாதிரி.

"நான் கை தூக்கினப்ப எங்க நின்னுது?"

பெரிய பெட்டியில் சத்தம் நன்றாக இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் போய் நிற்கலாம்.   டாக்டரம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், சுவிட்ச் போடுவதற்கு முன்னால் சொல்கிற குரல் ஒன்றுதான் எனக்குள் இருந்தது. அந்தக் குரலில் உரக்கச் சொன்னேன்.

"சின்னப் பெட்டி, ஊசி நாலு. பெரிய பெட்டி, ஊசி நாலு."

"உனக்கு எங்க நிக்கும்?"

"என் காதுக்கு, அரைக்கும் கீழ."

அவர் நிமிர்ந்தார். தங்கம்மையைப் பார்த்தார். காதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பஞ்சைப் பார்த்தார். கேட்கிறதா என்று சைகை காட்டி, பஞ்சை எடுக்கச் சொன்னார்.

"இது எப்பத்துலேருந்து தங்கம்மை?"

தங்கம்மை முந்தானையை விரலில் சுற்றினாள். "ரெண்டு கிறிஸ்மஸ் ஆச்சு டாக்டரம்மா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல்ல?"

"நான் பறஞ்சேன். உங்களுக்குக் கேக்கல்ல."

டாக்டரம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு கை தானாகப் போய்க் காதைத் தொட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ ஒவ்வொருவராக அவர் முன்னால் வந்து போகிற மாதிரி அவருடைய கண் சுவரில் அசைந்தது. அந்தக் கூட்டத்தில் பகவதியும் வந்திருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் என் மனைவி என்று அவருக்குத் தெரியாது. குரல் போய்விடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குப் பதறியது.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. நாளைக்கு வரச் சொன்ன கர்ப்பிணி, பகவதி. எட்டாம் மாசம். நெஞ்சுச் சத்தம் கிடைக்கல்ல. என் வீட்டுக்காரி."

 தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தார். 

"இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. இல்லைன்னும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு இப்ப யோக்கியதை இல்ல" என்றார். "காலம்பற கார் வரும். ரெண்டு தலையணை எடுத்து வைக்கச் சொல்லு. மிஷன் ஆஸ்பத்திரியில வேற காது கேக்கட்டும். நானும் கூட வாறேன்."

பிறகு தங்கம்மையிடம் திரும்பி, வாசலில் பிரசவ நோயாளி யார் வந்தாலும் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடு என்றார். பெட்டிகளை அப்படியே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மோர் அந்த இடத்திலேயே இருந்தது. குடித்தேனா என்று நினைவில்லை.

வீட்டில் அக்காவிடம் டாக்டரம்மாவே கூட்டிப்போகிறார் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பகவதி தலையணைகளுக்கு உறை மாற்றினாள்.

மறுநாள் காலையில் கார் வந்தது. பகவதியும் அக்காவும் டாக்டரம்மாவும் பின்னால் உட்கார்ந்தார்கள்; நான் முன்னால். டாக்டரம்மா மெல்ல ஓட்டச் சொன்னதால் போய்ச் சேர நேரமாயிற்று. மிஷன் ஆஸ்பத்திரியில் பகவதியைத் திரைக்கு உள்ளே படுக்கவைத்தார்கள். ஆண்கள் உள்ளே போகக் கூடாது. நான் திரைக்கு வெளியே நின்றேன். நர்ஸ் மரக்குழலை வைத்துக் கேட்பதாக அக்கா உள்ளிருந்து சொன்னாள்.  டாக்டரம்மாவின் குரல், "எனக்குக் கேக்காது சிஸ்டர், நெஞ்சுச் சத்தத்தை விரலால தட்டிக் காட்டுங்க" என்றது. கொஞ்ச நேரம் கழித்து இரும்புக் கட்டிலின் சட்டத்தில் ஒரு விரல் தட்டத் தொடங்கியது. வேகமாக, விடாமல் தட்டியது. எனக்குக் கேட்டது.

மத்தியானம் கடைக்குப் போய்க் கைவண்டி பிடித்து, டாக்டரம்மா வீட்டிலிருந்து பெரிய பெட்டியையும் மீட்டரையும் திரும்ப எடுத்து வந்தேன். பெரியது ஏன் விற்கவில்லை என்று முதலாளி கேட்டார். டாக்டரம்மாவுக்குத் தேவைப்படவில்லை என்று சொன்னேன்.